மார்கழிப் பனியும் மோட்டார் வண்டியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி பிறந்ததும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடியற்கால வேலைகள் மிகுந்துவிடுகின்றன. பால் கறந்து கூட்டுறவுச் சங்கத்துக்கு எடுத்துச் செல்வோர், காய்கறி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நகரத்துச் சந்தைக்குப் புறப்படுவோர், வெயில் ஏறுமுன் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட வரும் நெசவாளர், வாசலில் கோலமிடும் பெண்கள், பஜனை பாடிச் செல்லும் சிறுவர் ஆகிய யாவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வருகின்றனர். செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் முதல் ஷிப்டு ஆட்களை ஏற்றிச் செல்லும் பஸ்களும் வேன்களும், ஜல்லியும் செயற்கை மணலும் ஏற்றிய டிப்பர் லாரிகளும் விரைந்து செல்வதும் அந்த நேரத்திலேதான். இவ்விரு சாராரும் ஒரே சாலையில் எதிர்ப்படும்போது அச்சாலையைப் பனி மூடியிருக்கிறது.

செவிலிமேடு நகரின் தென்பால் பாலாற்றங்கரையில் உள்ளது. இராமானுஜர் வரதராஜப் பெருமாளுக்கு நாள்தோறும் தீர்த்தம் கொண்டு சென்றதாகப் பெரியோர் கூறும் சாலைக் கிணறு இங்கேதான் இருக்கிறது. அக்காலத்தில் இச்சாலையில் நடந்தவருக்கு வண்டிமாடு ஒன்றே அபாயமாக இருந்திருக்கும்! தனிப் பேரூராட்சியாக இருந்த செவிலிமேடு 2011-இல் காஞ்சிபுரம் நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. 2021-இல் காஞ்சிபுரமே மாநகராட்சியாயிற்று. ஆயினும் ஐயங்கார்குளம் முதலிய நம் ஊராட்சிகளின் மக்களும், ஆற்றுக்கு அப்பால் தூசி, மாமண்டூர்ப் பக்கத்து மக்களும் நகரத்துக்கு வர இந்தப் பாலத்தையே நம்பியிருப்பதால், இங்கே நிகழ்வது நகரத்தின் பிரச்சினை மட்டுமன்று.

சென்ற மார்கழியில் ஒரு நாள் விடியுமுன் ஆற்றுக்கு அப்பாலுள்ள ஓர் ஊராட்சிக்குச் செல்ல வேண்டியிருந்தது. புறப்படத் தாமதமாகிவிட்டபடியால் ஜீப்பைச் சற்று விரைவாக ஓட்டும்படி நாமே சொன்னோம். பாலத்தை நெருங்கும் இடத்தில் பனிக்குள்ளிருந்து ஒரு சைக்கிள் திடீரென்று முளைத்தது. ஓட்டுநர் அழுத்தமாகப் பிரேக்கைப் பிடித்து வலப்புறம் ஒடித்ததால் தப்பியது. எதிரே ஒரு லாரி வந்திருக்குமானால் இக்கட்டுரையை வேறு யாரேனும் எழுதியிருப்பர். இறங்கிப் பார்த்தபோது ஒரு முதிய நெசவாளர், நெய்து முடித்த சேலையைத் துணியில் சுற்றிப் பின்சீட்டில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சாம்பல் நிறப் போர்வை. சைக்கிளில் விளக்குமில்லை, பின்புறச் சிவப்பு வில்லையுமில்லை. “பெரியவரே, வண்டிச் சத்தம் கேட்கவில்லையா?” என்று கேட்டோம். “கேட்டுதுங்க ஐயா. வெளிச்சமும் நல்லாத் தெரிஞ்சுதுங்க. எனக்கு அவ்வளவு நல்லாத் தெரியுதே, உங்களுக்கும் என்னைத் தெரியும்னுதான் ஓரமாப் போயிட்டிருந்தேன்” என்றார்.

அவர் கூறியது அவருடைய தவறு என்று தள்ளிவிடக்கூடியதன்று. கிராமத்துச் சாலையில் நடக்கிறவர் அனைவரும் இவ்வாறே எண்ணுகின்றனர். வண்டியின் முன்விளக்கு நம்மைத் தொட்டுவிட்டால் ஓட்டுகிறவர் நம்மைப் பார்த்துவிட்டார் என்று மனம் நம்பிவிடுகிறது. உண்மை அதற்கு மாறானது. தாழ்த்திய முன்விளக்கில் கறுப்பும் சாம்பலும் போன்ற மங்கலான துணி உடுத்தவர், வண்டி அவருக்கு 30 மீட்டர் அளவுக்கு நெருங்கிய பின்னரே ஓட்டுநர் கண்ணில் படுவார். வெள்ளைத் துணி உடுத்தவர் அதைவிடச் சற்று முன்னதாகத் தெரிவார். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை அணிந்தவரோ தெளிந்த இரவில் 150 மீட்டருக்கு அப்பாலேயே தெரிந்துவிடுவார். பனியில் இத்தூரங்கள் எல்லாமே சுருங்கிவிடும்.

பனி ஏன் இந்த மாதங்களில் இப்படி இறங்குகிறது என்பதை அறிந்துகொண்டால், எங்கே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும். மழையால் நிலம் ஈரமாயிருக்கிறது. ஏரியும் குளமும் நிறைந்திருக்கின்றன. மேகம் கலைந்து வானம் தெளிந்துவிட்டதால் பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி மேலே போய்விடுகிறது. காற்றும் அசைவதில்லை. ஆகவே தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் நுண்ணிய துளிகளாக மாறித் தாழ்ந்த இடங்களில் தேங்கி நிற்கிறது. ஆற்றங்கரை, ஏரிக்கரையை ஒட்டிய சாலை, நஞ்சை நடுவே செல்லும் சாலை ஆகிய இடங்களில் இது அடர்த்தியாக இருக்கும். மேட்டுப் புஞ்சைப் பக்கம் அதே நேரத்தில் தெளிவாக இருக்கலாம். தெளிந்த சாலையில் விரைவாக வரும் வண்டி, வேகத்தைக் குறைக்காமல் பனிச் சுவருக்குள் நுழைந்துவிடுவதுதான் பெரும்பாலான ஆபத்துக்குக் காரணம். இரவில் குளிர்ச்சி சேர்ந்துகொண்டே போவதால் பனி மிகுதியாவது விடியலை ஒட்டிய வேளையில். இரவு முழுதும் ஓட்டி வந்த டிரைவருக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும் வேளையும் அதுவே.

சில ஓட்டுநர்கள் பனியைக் கண்டதும் முன்விளக்கை உயர்த்திவிடுகின்றனர். அவ்வாறு செய்தால் ஒளி பனித்துளிகளில் பட்டு அவர்கள் கண்ணுக்கே திரும்பி வந்து, முன்னே வெண்திரை கட்டியதுபோல் ஆகிவிடும். விளக்கைத் தாழ்த்தி மெதுவாக வருவதே முறை. ஆனால் நம் கட்டுரை ஓட்டுநருக்கு எழுதப்படவில்லை. அவர் முறையாக ஓட்டுவார் என்று எதிர்பார்த்து நம் மக்கள் சாலையில் இறங்குவதற்கில்லை.

வேகத்தைப் பற்றிய ஒரு கணக்கை மட்டும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆளைக் கண்டு, கால் பிரேக்கில் அழுந்துவதற்கு ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 25 மீட்டர் கடந்துவிடும். பிரேக் பிடித்த பின்னரும் நல்ல சாலையில் மேலும் 28 மீட்டர் சென்றுதான் நிற்கும். ஆக 53 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகமாயின் ஏறக்குறைய 29 மீட்டரில் நின்றுவிடும். 80 ஆயின் 80 மீட்டருக்கு மேலும் வேண்டும். பனி ஈரம் படிந்த தாரிலும், பாரம் ஏற்றிய லாரிக்கும் இத்தூரம் இன்னும் கூடும். நம் தெருவோர மின்கம்பங்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது மீட்டர் இடைவெளியில் நடப்பட்டிருக்கின்றன. காலையில் வாசலில் நின்று பார்க்கும்போது அடுத்த கம்பம் தெரியவில்லையெனில், 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் எந்த வண்டியும் உங்களைக் கண்ட பிறகு நிற்க முடியாது என்று பொருள். அந்த நேரத்தில் அரை மணி காத்திருந்து புறப்படுவது சோம்பல் ஆகாது.

சாலையின் ஓரமாகத்தானே இருக்கிறோம் என்று நம்பியிருந்தவர்களுக்கு நேர்ந்தவற்றை இங்கே நினைவுகூர்வது அவசியமாகிறது. நமக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை அடுத்த பண்டிதமேட்டில் 2024 நவம்பர் 27-ஆம் நாள் மாடு மேய்க்கச் சென்ற ஐந்து பெண்கள் பழைய மாமல்லபுரம் சாலையின் ஓரத்தில் அமர்ந்திருந்தனர். அதிவேகமாக வந்த ஒரு கார் கட்டுப்பாட்டை இழந்து அவர்கள் மீது ஏறியதில் ஐவரும் இறந்துபோயினர். அதற்கு முந்திய ஆண்டு மார்கழியில், அதாவது 2023 டிசம்பர் 30-ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நமணசமுத்திரத்தில் யாத்திரை சென்ற பக்தர்கள் சாலையோரத் தேநீர்க் கடையில் வண்டிகளை நிறுத்தியிருந்தபோது, சிமெண்டு மூட்டை ஏற்றிய லாரி கடைக்குள் பாய்ந்து ஐந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. முதற்சம்பவத்தில் பனியில்லை, இரண்டாவதில் சாலையைக் கடந்தவர் எவருமில்லை. இறந்தவர்களில் ஒருவரும் தவறான இடத்தில் நடந்தவரல்லர். சாலைக்கு மிக அருகில் இருந்தனர், அவ்வளவே.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே மிக அதிகமாக, 64,105 சாலை விபத்துக்கள் தமிழ்நாட்டில் பதிவாயின. அவற்றில் 17,884 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாடு முழுவதும் நடந்து சென்றவர்களில் மட்டும் 32,825 பேர் மாண்டனர். இத்தொகை குறைக்கக் கூடியதே என்பதற்கும் நம் மாநிலமே சான்று. 2016-இல் 17,218 ஆக இருந்த உயிரிழப்பு, 2019-இல் 10,525 ஆகக் குறைந்தது. காவல், நெடுஞ்சாலை, சுகாதாரம், போக்குவரத்து ஆகிய துறைகள் ஒன்றுகூடி வேலை செய்ததன் பலன் அது. பிறகு எண்ணிக்கை மீண்டும் ஏறிவிட்டது. அதைப் பற்றித் துறைகள் வருந்துவது ஒரு பக்கமிருக்க, ஊராட்சிகள் தம் எல்லைக்குள் செய்யக்கூடியதைப் பார்ப்போம்.

முதலில் நடப்பவர். நடைபாதையில்லாத சாலையில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்புறமாக நடக்க வேண்டும் என்பது விதி. இடப்புறமாக நடந்தால் வண்டி முதுகுக்குப் பின்னால் வரும். கண் இருந்தும் பயனில்லை. ஆனால் இவ்விதியை மட்டும் நம்பியும் இருக்கலாகாது. அவசரக்காரர் ஒருவர் முன் செல்லும் பஸ்ஸை முந்துவதற்காக வலப்புறம் ஏறினால், அவர் உங்கள் பின்னாலிருந்தே வருவார். ஆகையால் தார்ச்சாலையை விட்டு மண் ஓரத்தில் நடப்பதே உத்தமம். அம்மண் ஓரம் இன்று பல இடங்களில் இல்லை. தார் மேலே மேலே ஏற, ஓரம் பள்ளமாகிச் சீமைக் கருவேல் மண்டிவிட்டது. மனிதர் நடக்க வேண்டிய இடத்தில் முள் நிற்பதால்தான் மனிதர் தாரில் நடக்கின்றனர் என்பதை மறந்துவிட்டு அவர்களைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

சாலையைக் கடக்கும்போது நேரும் ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். ஒரு வண்டி கடந்து சென்றவுடன் அதன் வாலைப் பிடித்தாற்போல் மக்கள் குறுக்கே இறங்கிவிடுகின்றனர். அதன் பின்னாலேயே வரும் இரண்டாவது வண்டி, முதல் வண்டியின் மறைவில் இருந்தபடியால் இருவருக்குமே ஒருவரையொருவர் தெரிவதில்லை. பனியில் ஒன்று போனபின் ஒரு மூச்சு நின்று, காதால் கேட்டுவிட்டுக் கடக்க வேண்டும். செல்போன் ஒலிப்பானைக் காதில் செருகிக்கொண்டு விடியற்காலை நடைப் பயிற்சிக்குச் செல்லும் நம் இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

மார்கழியும் தையும் யாத்திரை மாதங்கள். சபரிமலைக்கு மாலையிட்டவர் கறுப்பு அல்லது நீல உடை உடுத்துகின்றனர். மேல்மருவத்தூருக்கு இருமுடி ஏந்துவோர் சிவப்பு. பகலில் கண்ணைப் பறிக்கும் சிவப்பு, மங்கிய ஒளியில் கறுப்பைப் போலவே ஆகிவிடுகிறது என்பதைப் பலர் அறியார். விரத உடையை மாற்றும்படி எவரும் கூறமாட்டார், கூறவும் கூடாது. இருமுடியைச் சுமப்பவர் தோள்பையிலும், கைத்தடியிலும், முழங்காலுக்குக் கீழேயும் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ளலாம். நடக்கும்போது மேலும் கீழும் அசைவது கால். அசையும் ஒளியை ஓட்டுநர் மனிதன் என்று உடனே கண்டுகொள்வார்; அசையாத ஒளியைக் கம்பமென்று எண்ணிவிடக்கூடும். பாதயாத்திரைக் கூட்டத்துக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் விளக்குடன் செல்வது வேண்டும். பஜனைக் கோஷ்டிச் சிறுவர்களுக்கும் இவ்வாறே ஒரு பெரியவரை முன்னும் பின்னும் நியமிக்கலாம்.

கோலத்தைப் பற்றி எழுதுவதற்குச் சற்றுத் தயக்கமாக இருக்கிறது. நம் வீட்டிலும் மார்கழியில் கோலம் வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போவது உண்டு. சந்துத் தெருவில் அதனால் கேடில்லை. ஆனால் பஸ் போகும் சாலையை ஒட்டிய வீடுகளில், பெண்கள் குனிந்து, முதுகைச் சாலைக்குக் காட்டி, புள்ளியில் கவனம் வைத்து நிற்பதைக் காண அச்சமாகிறது. கோலத்தைப் படியை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். அகலமாகத்தான் வேண்டுமென்றால், வண்டி வரும் பக்கத்தில் ஒரு நாற்காலியும் அதன்மேல் ஒரு விளக்கும் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போடலாம். காப்பிக்குக் காத்திருக்கும் ஆண்பிள்ளைகளுக்கு இதைவிடத் தகுந்த வேலை கிடையாது.

சைக்கிளுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உரிய முன்னேற்பாடு மிகச் சொற்பச் செலவில் முடியும். பின் மட்கார்டில் சிவப்பு ஒளிர்பட்டை, பெடல்களில் மஞ்சள் பட்டை, முன்னால் வெள்ளை. இவ்வளவுக்கும் ஆகும் தொகை, சைக்கிள் டியூப் ஒன்று மாற்றுவதற்கு ஆவதைவிடச் சொற்பமே. மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்கவசத்தைக் கட்டாமல் தலையில் கவிழ்த்துக்கொள்வதைக் காண்கிறோம். விழும்போது முதலில் விழுவது அந்தக் கவசம்தான். பால் கேன்களை இருபுறமும் தொங்கவிடுவோர், பின்விளக்கைக் கேன் மறைக்கிறதா என்று ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது டிராக்டரும் கரும்பு வண்டியும். இவற்றில் நாம் பாதிக்கப்பட்டவர் அல்லர். பிறருக்கு ஆபத்தை உண்டாக்குபவர் நாமே. டிரெய்லரின் பின்விளக்கு எரிவதில்லை. எரிந்தாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு அதை மூடிவிடுகிறது. பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரன் இருட்டில் கரும்புக் கட்டுக்குள் நேராகச் சென்று புகுகிறான். அவனும் நம் ஊர்ப் பிள்ளைதான். டிரெய்லரின் பின்புறம் முழு அகலத்துக்கும் சிவப்பு ஒளிர்பட்டையும், பக்கங்களில் மஞ்சளும், முன்புறம் வெள்ளையும் ஒட்ட வேண்டும். சேறு படிந்தால் துடைக்கவும் வேண்டும். நீட்டிய கரும்பின் நுனியில் ஓர் ஒளிர்பட்டையைத் தனியாகத் தொங்கவிடலாம். உரிமம் பெறும் வயது வராத மகனிடம் டிராக்டரையோ மோட்டார் சைக்கிளையோ கொடுக்கும் தந்தையருக்கு மற்றொன்றும் கூறவேண்டியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு திருத்தச் சட்டப்படி, சிறுவன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் தண்டனை பாதுகாவலருக்கு. மூன்று ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும்.

வண்டி பழுதாகி நின்றுவிட்டால் நம்மவர் உடனே செய்வது, பின்னால் நாலு கற்களை வைத்துத் தழையை ஒடித்துச் செருகுவது. பகலுக்கு அது போதும். இரவிலும் பனியிலும் தழை தெரியாது; ஐம்பது மீட்டர் பின்னால் ஒளிரும் முக்கோணத்தை வைத்தாலன்றிப் பயனில்லை. இதைவிடப் பெரிய தீங்கு பிறகு நேர்கிறது. பழுது நீங்கியவுடன் வண்டி போய்விடுகிறது. கல் சாலையிலேயே கிடக்கிறது. அடுத்த நாள் விடியற்காலையில் வரும் இரு சக்கர வண்டிக்காரர் அக்கல்லில் மோதி விழுகிறார். கல்லை வைத்தவர் அப்போது வீட்டில் நன்றாக உறங்கிக்கொண்டிருப்பார். கல்லை எடுத்து ஓரத்தில் போட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவது என்று ஒவ்வொரு டிராக்டர்க்காரரும் தீர்மானித்துக்கொண்டால் நல்லது. அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறும்போது சாலையில் கொட்டிவிட்டுப் போகும் சேற்றுக்கட்டிகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. பனி ஈரத்தில் அச்சேறு சோப்பாகிவிடும். மண்வெட்டியால் வழித்துப் போடக் கால் மணி நேரம் போதும். வாடகை இயந்திரம் அடுத்த வயலுக்கு ஓடும் அவசரத்தில் அதை எவரும் செய்வதில்லை.

சாலையில் நெல் உலர்த்துவதைப் பற்றி அதிகாரிகள் ஆண்டுதோறும் எச்சரிப்பர். விவசாயிகள் ஆண்டுதோறும் உலர்த்துவர். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது. தை மாதப் பனியில் அறுத்த நெல்லை எங்கே உலர்த்துவது? களம் இல்லாத ஊரில் தார்ச்சாலைதான் களம். எனவே இதில் விவசாயியை மட்டும் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. உலர்களம் அமைக்கப் பொது இடத்தைக் கண்டு தீர்மானம் போடாத ஊராட்சியும், அத்தீர்மானத்தை மேலே அனுப்பாமல் வைத்திருக்கும் அலுவலகமும், நமது உட்பட, இதில் பங்குடையன. களம் வரும்வரை இரண்டு காரியமாவது நடைபெற வேண்டும். பொழுது சாய்ந்தபின் நெல்லும், அதைச் சுற்றி வைத்த கற்களும் சாலையில் இருக்கக் கூடாது. வளைவிலும் பாலத்தை ஒட்டியும் பகலிலும் உலர்த்தக் கூடாது.

இரவில் மாடுகள் தார்ச்சாலையில் படுப்பதற்கும் காரணம் உண்டு. ஈரமான மண்ணைவிடத் தார் உலர்ந்தும், பகல் வெப்பத்தைச் சற்று நேரம் தாங்கியும் இருக்கிறது. மாட்டைக் கட்டிவைப்பது உடையவர் கடமை. கட்டாதவரின் மாட்டைப் பட்டியில் அடைத்துத் தண்டம் வாங்கும் வழக்கம் பல ஊர்களில் பழங்கதையாகிவிட்டது. கழுத்தில் ஒளிர்பட்டை கட்டுவது ஓரளவு உதவும். கருநிற எருமைக்கு அது மிகமிகத் தேவை.

போகியன்று பனியோடு புகை சேர்கிறது. 2018 ஜனவரி 13-ஆம் நாள் போகிப் புகையும் மூடுபனியும் கலந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் இறங்க முடியாமற் போயின. அத்துணைக் கருவிகளுடைய விமானமே தடுமாறிய அந்தக் காலையில், சாலையில் சென்ற சைக்கிள்காரர் நிலை என்னவாயிருக்கும்! பழம்பாயும் துடைப்பமும் எரிப்பதோடு நிறுத்திக்கொள்வோம். டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பதை ஊராட்சி முற்றாகத் தடுக்க வேண்டும். சாலையோரத்து வயலில் வைக்கோலையும் கரும்புத் தோகையையும் விடியற்காலையில் கொளுத்துவதும் கூடாது.

இனி ஊராட்சி செய்ய வேண்டியதற்கு வருவோம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் நவம்பர் 1, உள்ளாட்சி நாள் கூட்டம், பனிக்காலம் தொடங்குவதற்குச் சரியாக ஆறு வாரம் முன்னதாக வருகிறது. அக்கூட்டத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு உறுப்பினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து, தம் ஊரில் பெரிய சாலை நுழையும் இடத்திலிருந்து வெளியேறும் இடம்வரை நடந்து பார்க்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பகலில் ஜீப்பில் போனால் தெரியாதவை அப்போது தெரியும்: எரியாத தெருவிளக்கு எது, எந்த வளைவில் கருவேல் மறைக்கிறது, வேலைக்குப் போகும் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்காக எந்த இருட்டில் தாரின் விளிம்பில் நிற்கின்றனர், தேநீர்க் கடை பெஞ்சு சாலைக்கு எத்தனை அடியில் கிடக்கிறது என்பன.

தெருவிளக்கு ஊராட்சியின் சொந்தப் பொறுப்பு. அதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. விளக்குகளை எல்லாத் தெருக்களுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுப்பது உறுப்பினர்களின் வழக்கம். பஸ் நிற்கும் இடத்துக்கும் பள்ளி முன்பும் இரண்டு விளக்கு அதிகம் போட்டால் மற்ற வார்டு உறுப்பினர் கோபித்துக்கொள்ளலாகாது. வளைவின் உட்புறத்து முட்செடியை வெட்டுவதும், தேநீர்க் கடை பெஞ்சைக் கடையின் பக்கவாட்டுக்கோ பின்புறத்துக்கோ மாற்றச் சொல்வதும், கம்பெனி பஸ்களைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி நிறுத்தும்படி அந்தக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதுவதும் ஒரு வாரத்தில் முடியக் கூடியவை.

நெடுஞ்சாலைத் துறைக்கு உரிய சாலையில் நாமே வேகத்தடை போடக் கூடாது. ஒரு விபத்து நடந்த ஆத்திரத்தில் இரவோடிரவாக மண்ணைக் கொட்டி மேடாக்கிவிடுகின்றனர். வெள்ளைக் கோடும் எச்சரிக்கைப் பலகையும் இல்லாத அம்மேட்டில் பனிக்காலையில் கணவன் பின்னால் அமர்ந்து செல்லும் மனைவிதான் தூக்கியெறியப்படுகிறாள். எந்த இடம், என்ன நிகழ்ந்தது, எத்தனை முறை என்பவற்றைத் தேதியுடன் எழுதி, கிராம சபைத் தீர்மானத்தை இணைத்து, நெடுஞ்சாலைத் துறை உதவிக் கோட்டப் பொறியாளருக்கு ஒரு படியும், மாவட்ட ஆட்சித் தலைவரைத் தலைவராகக் கொண்ட மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு படியும் அனுப்புக. “எங்கள் ஊரில் விபத்து அதிகம்” என்று மட்டும் எழுதிய மனுவுக்குப் பதில் வருவது அரிது. தேதியும் இடமும் உள்ள மனுவை ஒதுக்கிவைப்பது கடினம் என்பதை, மனுக்களைப் பெறும் மேஜையிலிருந்தே சொல்கிறோம்.

இவ்வளவு செய்தும் விபத்து நேர்ந்துவிட்டால், முதலில் 108-க்கு அழைக்க வேண்டும். காயம்பட்டவரைத் தொட்டால் போலீசு, கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்ற பயம் கிராமங்களில் இன்னும் நீங்கவில்லை. 2016 மார்ச்சு மாதத்திலேயே உச்சநீதிமன்றம் இத்தகைய உதவியாளருக்குப் பாதுகாப்பளித்துவிட்டது. 2019-இல் அது மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவாகவும் சேர்ந்தது. உதவியவர் விரும்பாவிட்டால் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. உயிராபத்தான நிலையிலிருப்பவரை உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ப்பவருக்கு மத்திய அரசு வழங்கும் வெகுமதி 5,000 ரூபாயிலிருந்து 2025-இல் 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நமக்கு அருகே மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18-ஆம் நாள் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தின் கீழ், திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்கக் கூடாது. அத்தகைய மருத்துவமனைகள் தம் வட்டாரத்தில் எவை என்பதை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். விபத்து நடந்த இரவில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று குடும்பத்தார் விட்டுவிடுகின்றனர். 2022 ஏப்ரல் 1 முதல், இன்ன வண்டியென்று தெரியாத விபத்துக்களிலும் இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு இலட்சம் ரூபாயும், கொடுங்காயம் அடைந்தவருக்கு 50,000 ரூபாயும் இழப்பீடாகக் கிடைக்கும். போலீசு முதல் தகவல் அறிக்கையும் மருத்துவச் சான்றும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வேண்டும். மனுவை வருவாய்த் துறை அலுவலரிடம் கொடுக்க வேண்டும். துக்க வீட்டில் இக்காகிதங்களைச் சேர்க்க எவருக்கும் மனம் இராது. அந்த வார்டின் உறுப்பினர் உடன் சென்று அவற்றை வாங்கிக் கொடுப்பாராக.